ஒன்றாம் எண் கோட்டின் கறை

கறை என்பது கீழ்த்தளத்தில் உற்பத்தியாகி மேல்மாடிகளுக்குப் பரவும் ஒரு பொருள் என்பதில் அரிய பரம்பரை நோய்கள் உயர் ஆய்வு நிறுவனத்துக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. பதினோரு மாடிக் கட்டடம். உச்சியில் இயக்குநர். அவருக்குக் கீழே பத்து மாடிகளில் அறிஞர்கள், அறிஞர்களின் உதவியாளர்கள், உதவியாளர்களின் அலமாரிகள். தரைக்கும் கீழே, கூரை முழுக்கத் தண்ணீர்க் குழாய்கள் ஓடும் நீளமான ஓர் அறையில் சலவைப் பிரிவு. அங்கே இருபத்திரண்டு ஆண்டுகளாக மேலே இருப்பவர்களின் வெள்ளைக் கோட்டுகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை மெமோ வந்தது.

“ஒன்றாம் எண் கோட்டின் காலரிலும் அக்குள் பகுதிகளிலும் கருமை கலந்த பழுப்புக் கறைகள் தொடர்ந்து காணப்படுகின்றன. அவற்றுக்குத் தாங்கள் ஏன் காரணமாக இருக்கக்கூடாது என்பதை முப்பது நாள்களுக்குள் விளக்கவும். விளக்கம் திருப்தியளிக்காவிட்டால் பணிநீக்கம் செய்யப்படுவீர்கள். திருப்தி என்பது நிறுவனத்தின் திருப்தியைக் குறிக்கும்.”

நிறுவனத்தில் கோட்டுகளுக்கு எண் உண்டு. காலரின் உள்பக்கம் சிவப்பு நூலில் தைத்திருக்கும். பதவி வரிசைப்படி எண். ஒன்று இயக்குநருடையது. அவரிடம் ஆறு கோட்டுகள் இருந்தன. ஆறும் ஒன்றாம் எண்தான். இயக்குநரிடம் இரண்டாவதாக எதுவும் இருக்க முடியாது.

இஸ்திரிக்காரருக்கு மேலே இருப்பவர்களை முகத்தால் தெரியாது, காலரால் தெரியும். நாற்பத்தேழாம் எண் தலைக்குச் சாயம் பூசுகிறார். நூற்றுப் பன்னிரண்டு சாப்பிட்டுவிட்டுக் கைக்குட்டையைத் தேடுவதில்லை. ஒன்றாம் எண்ணின் காலரில் பதினைந்து வருடமாக அந்தப் பழுப்புக் கறை இருக்கிறது. அதே கறை தன் பனியனிலும் இருக்கிறது என்பதையும் அவர் கவனித்திருந்தார். பெரிய மனிதருக்கும் நமக்கும் ஏதோ ஒன்றில் ஒற்றுமை இருக்கிறதே என்று உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமைதான் இப்போது மெமோவாக வந்திருந்தது.

ஐந்தாம் மாடிக்குப் போனார்.

“வாங்க. உட்காராதீங்க” என்றார் தலைமை எழுத்தர்.

“சார், அந்தக் கறை துவைக்க வர்ற மூட்டையிலேயே இருக்கு சார். நான் வைக்கலை.”

“இயக்குநர் போட்டுக் கழட்டின கோட்டுல கறையா? எப்படி வரும்?”

“வேர்வையா இருக்கும் சார்.”

தலைமை எழுத்தர் பேனாவை மூடி வைத்தார். “அவர் ஏசி அறையில இருக்கார். அவருக்கு வேர்த்ததா எந்த ஃபைல்லயும் பதிவு இல்லை. உங்களுக்கு வேர்க்குமா?”

“நாள் பூரா இஸ்திரிப் பெட்டி முன்னாடி நிக்கிறவன் சார். வேர்க்காம?”

“சட்டையைக் கழட்டுங்க.”

பனியனின் கழுத்தையும் ஒன்றாம் எண் கோட்டின் காலரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் தலைமை எழுத்தர். ஒரே புட்டியிலிருந்து ஊற்றியதுபோல இருந்தன.

“நிரூபணம் ஆச்சு” என்றார் திருப்தியோடு. “இனிமே உங்க விளக்கம் மட்டும்தான் பாக்கி.”

வீட்டில் மனைவி மெமோவை இரண்டு முறை படித்தார்.

“உங்களுக்கு வேர்வை கறுப்பா வர்றது இன்னைக்கு நேத்தா? கல்யாணமான மறுவாரமே தலையணை உறையைப் பார்த்துட்டு எங்கம்மாகிட்ட சொன்னேன், மாப்பிள்ளை காதுல மை ஊத்திக்கிட்டுப் படுக்கறாருன்னு.”

“அதை இப்ப சொல்றியே.”

“அப்ப சொல்லியிருந்தா? திருப்பிக் கொடுத்துட்டு வேற வாங்கியிருக்க முடியுமா?”

“வேற யாருக்கும் இப்படி வராதா?”

“யாருக்கு வரும்? கக்கூஸ்ல தண்ணி ஊத்தாம வந்தது யாருன்னு நம்ம வீட்டில ஒரு நாளாவது விசாரணை நடந்திருக்கா? கறுப்பா கெடந்தா நீங்கதான். பிள்ளைங்ககூட ஜாலியா தப்பிச்சுக்கும்.” பிறகு அவர் குரல் தாழ்ந்தது. “என்னங்க, நிஜமாவே வேலையை விட்டு எடுத்துருவாங்களா?”

இஸ்திரிக்காரர் மெமோவை மடித்துப் பையில் வைத்தார். நாற்பத்தெட்டு வயதில், குனிய முடியாத முதுகோடு, இன்னொரு இடத்தில் யார் இஸ்திரிப் பெட்டியைக் கையில் கொடுப்பார்கள்?

மெமோ வந்த மூன்றாம் நாள், கோட்டுப் பையில் அடையாள அட்டையை மறந்துவிட்டு, அதைத் தேடிக்கொண்டு ஓர் இளம் டாக்டர் கீழே வந்தார். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அதனால் எதையும் உற்றுப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

“அண்ணா, கொஞ்சம் இப்படித் திரும்புங்க.”

இஸ்திரிக்காரர் முழு உடம்போடு திரும்பினார்.

“தலையை மட்டும்.”

“அது முடியாது டாக்டரம்மா. கழுத்து நாலு வருஷமா உடம்போட ஒட்டிக்கிச்சு.”

டாக்டரம்மா அவர் காதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காதுமடலின் விளிம்பு தோலுக்கு அடியில் நீலம் பாரித்திருந்தது. கண்ணின் வெள்ளையில் இரண்டு பக்கமும் பழுப்புப் புள்ளி. டாக்டரம்மா அவசரமாகக் கேட்டார். “காலையில எந்திரிக்கும்போது முதுகு கட்டை மாதிரி இருக்குமா? சிறுநீர் அப்படியே கிடந்தா கொஞ்ச நேரத்துல கறுத்துடுமா?”

இஸ்திரிக்காரர் திடுக்கிட்டார். “எங்க வீட்டுக்காரி உங்ககிட்ட சொல்லிட்டாளா?”

“ஐயோ அண்ணா! உங்களுக்கு இருக்கறது ஆல்கேப்டோனூரியா. சாப்பாட்டுல இருக்கற ஒரு பொருளை உடைக்கற வேலையை உங்க உடம்பு பிறந்ததிலிருந்தே செய்யலை. அது தேங்கிப்போய் காதுல, முதுகெலும்புல, மூட்டுல படியுது. வேர்வையில வருது. லட்சக்கணக்கான பேர்ல ஒருத்தருக்குத்தான் வரும். மூணாவது மாடியில ஒரு பெரிய காது படம் மாட்டியிருக்கே, பார்த்திருக்கீங்களா? அது இதேதான்!”

“மெமோ வந்தா ஒழிய நான் மேல போறதில்லைங்க. கோட்டுதான் போகும்.”

“இனிமே போங்க. இந்தக் கறை உங்க கவனக்குறைவு இல்லை, நோய்னு ஒரு சான்றிதழ் வாங்கிட்டா மெமோ செல்லாது. உலகத்துல வேற எங்கேயும் நீங்க போக வேண்டாம். இந்த நிறுவனமே உங்களுக்காகத்தான் கட்டியிருக்கு!”

இதைச் சொன்னபோது டாக்டரம்மாவின் முகத்தில் இருந்த வெளிச்சத்தை இஸ்திரிக்காரர் பின்னாளில் அடிக்கடி நினைத்துக்கொள்வார்.

இரண்டாம் மாடியில் அங்கீகாரப் பிரிவு. வாசலில் ஒரு பலகை. “அறிகுறிகளுடன் வருவோர் வரிசையில் வரவும். அறிகுறிகளைத் தனித்தனியே கொண்டுவரவும்.” காதுக்குத் திங்கள், கண்ணுக்குப் புதன், முதுகுக்கு வெள்ளி. சிறுநீருக்கு எல்லா நாளும் உண்டு, காலை பத்து முதல் பத்தேகால் வரை.

காது அதிகாரி ஒரு நிற அட்டையை இஸ்திரிக்காரரின் காதோரம் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “இவ்வளவு நீலம் ஆகாது.”

“ஏன் சார்?”

“மூணாம் மாடிப் படம்தான் அளவுகோல். அது வெளிர் நீலம். உங்களோடது கருநீலம். நோயே இவ்வளவு நீலமா இல்லாதப்போ உங்களுக்கு மட்டும் எப்படி?”

அந்தப் படம் முப்பது வருடமாக மேற்கு ஜன்னலுக்கு எதிரே தொங்குகிறது. வெயிலில் வருடா வருடம் வெளுக்கிறது. வெளுக்க வெளுக்க நிற அட்டையையும் திருத்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். இன்னும் பத்து வருடத்தில் வெள்ளைக் காது உள்ள அனைவரும் நோயாளிகளாகிவிட வாய்ப்பிருந்தது. ஆனால் இஸ்திரிக்காரருக்கு இருந்தது இருபத்துநாலு நாள்தான். “நோய்க்கு மிகை” என்று எழுதி ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். கண்ணுக்கும் அதே மாதிரி ஒரு சீட்டு.

முதுகுப் பிரிவில் டோக்கன் பெட்டி தரையோடு தரையாக இருந்தது.

“குனிஞ்சு ஒரு டோக்கன் எடுங்க” என்றார் அங்கே இருந்தவர்.

“குனிய முடியலைன்னுதான் சார் வந்திருக்கேன்.”

“டோக்கன் இல்லாம நான் பார்க்க முடியாது.”

“குனிஞ்சு எடுத்துட்டா?”

“எடுத்துட்டா முதுகு நல்லா இருக்குன்னு அர்த்தம். எழுதிக் கொடுத்துடுவேன். இங்க யாரையும் வெறுங்கையோட அனுப்பறதில்லை.”

இஸ்திரிக்காரர் அரைமணி நேரம் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மெல்லக் காலை நீட்டி, கட்டைவிரலால் ஒரு டோக்கனைக் கிளப்பப் பார்த்தார். காலால் எடுத்த டோக்கன் செல்லாது என்று சுவரில் ஏற்கெனவே எழுதியிருந்தது. அவருக்கு முன்னால் வந்தவர்களும் யோசித்திருக்கிறார்கள்.

சிறுநீர்ப் பிரிவில்தான் அவருக்கு நம்பிக்கை. அது வீட்டில் இருபத்தைந்து வருடமாகத் தவறாமல் கறுத்த ஒன்று. முதல் நாள் வீட்டிலிருந்தே ஒரு புட்டியில் கொண்டுபோனார். மூடியைத் திறந்து பார்த்த அதிகாரி முகத்தைச் சுளித்தார்.

“என்ன இது, காபியா?”

“இல்ல சார். அதேதான். நேத்து சாயங்காலத்துது.”

“பழசு வாங்க மாட்டோம். புதுசா வேணும். பத்து நிமிஷத்துக்குள்ள.”

புதிதாகக் கொடுத்தார்.

“மஞ்சள்” என்று எழுதினார் அவர். “இயல்பு.”

“கொஞ்ச நேரம் வச்சா கறுக்கும் சார். நாலஞ்சு மணி நேரம்.”

“பதினோராவது நிமிஷம் அது பழசு. பழசைக் கொட்டிடணும்னு விதி.”

“நோயே அப்புறமாத்தான் சார் தெரியும்!”

“அப்ப நோயை வேலை நேரத்துல வரச் சொல்லுங்க” என்றார் அவர், கோபமே இல்லாமல்.

நிறுவனத்தில் இதையெல்லாம் ஒரே நாளில் சொல்லிவிடக்கூடிய ஓர் இயந்திரமும் இருந்தது. ஏழாம் மாடியில். இஸ்திரிக்காரர் அதைப் பார்த்ததில்லை, ஆனால் அதன் உறை அவருக்கு நன்றாகத் தெரியும். பச்சைப் பட்டுத் துணி, நான்கு ஓரமும் ஜரிகை. இயந்திரம் வந்த நாளின் ஆண்டுவிழாவுக்கு முந்தைய வாரம் அந்த உறை கீழே வரும். இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டு அனுப்புவார். அது திரும்பவும் இயந்திரத்தின் மேல் போர்த்தப்படும். உறையை எடுத்துவிட்டு இயந்திரத்தை ஓட்டலாமா என்று டாக்டரம்மா ஒருமுறை கேட்டார். தூசி படிந்தால் யார் பொறுப்பு என்று திருப்பிக் கேட்டார்கள்.

பதினெட்டாம் நாள் பரம்பரைக்கான விசாரணை. “பரம்பரை நோய்னா பரம்பரையா வரணும். உங்கப்பாவைக் கூட்டிட்டு வாங்க” என்றார்கள்.

“அப்பா இல்லைங்க. போய் ஒன்பது வருஷம் ஆச்சு.”

“அவர் காது?”

“அதுவும் அவரோடவே போயிடுச்சு சார்.”

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இந்தக் கோளாறு வெளியே தெரியாமல் பாதிப் பாதியாக இருந்திருக்கும், இரண்டு பாதியும் சேர்ந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும் என்று டாக்டரம்மா எடுத்துச் சொன்னார். பாதி நோய்க்குப் படிவம் இல்லை என்றார்கள். கடைசியில் அப்பாவின் கல்யாணப் போட்டோவைக் கொண்டுபோனார். கறுப்பு வெள்ளைப் போட்டோ. அதிகாரி பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

“அப்பா காது கறுப்பாத்தான் இருக்கு. ஒத்துக்கறேன்.”

இஸ்திரிக்காரருக்கு உயிர் வந்தது.

“ஆனா பக்கத்துல நிக்கிறவர் காதும் கறுப்பு. பின்வரிசை முழுக்கக் கறுப்பு. நாற்காலி கறுப்பு. கல்யாணத்துக்கு வந்த முப்பத்தாறு பேருக்கும் இருக்கற நோயை அரிய நோய்னு நான் எப்படிய்யா கையெழுத்துப் போடுவேன்?”

கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது இருந்தால் கூட்டி வரலாம் என்று போகிற போக்கில் யாரோ சொன்னார்கள். அக்காவுக்கு ஃபோன் போட்டார். அக்கா இரண்டு பஸ் மாறி, முட்டியைப் பிடித்துக்கொண்டு, அதே நீலக் காதுகளோடு வந்து சேர்ந்தார்.

“ஏன்டா, இது நோயா? சின்ன வயசுல ரெண்டு பேரும் எழுதற மையைக் குடிச்சிட்டோம்னு அம்மா எத்தனை அடி அடிச்சிருக்கா! அந்த அடிக்கெல்லாம் இப்ப யாருகிட்ட போய்க் கேக்கறது?”

அதிகாரிகள் அக்காவின் காதைப் பார்த்தார்கள், தம்பியின் காதைப் பார்த்தார்கள், பிறகு ஒரு கணக்கைப் போட்டார்கள். நேற்று வரை ஒருவர். இன்று இருவர். ஒரே நாளில் நூறு சதவீத உயர்வு. கோப்பைத் தொற்றுநோய்ப் பிரிவுக்கு அனுப்பினார்கள். தொற்றுநோய்ப் பிரிவு அக்காவையும் தம்பியையும் ஆறு நாள் தனித்தனி அறையில் வைத்து, ஒருவர் காது இன்னொருவருக்குப் பரவவில்லை என்று உறுதி செய்துகொண்டு விடுவித்தது.

“நல்ல ஆஸ்பத்திரிடா தம்பி. சோறு போட்டாங்க” என்று சொல்லிவிட்டு அக்கா பஸ் ஏறினார்.

மீதி இருந்தது மூன்று நாள். இருபத்தொன்பதாம் நாள் அங்கீகாரக் குழு கூடுகிறது. அதோடு சரி.

சலவை இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் சக ஊழியருக்குப் பட்டப்பெயர் சோடா. அழுக்கு எதுவானாலும் ஒரு கை சலவைச் சோடாவை அள்ளிப் போடுவதுதான் அவர் வைத்தியம். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்.

“அண்ணே, உங்க பனியனைத் துவைக்கும்போது நான் ஒண்ணு பார்த்திருக்கேன். சும்மா தண்ணியில போட்டா பழுப்பாத்தான் இருக்கும். சோடா போட்டதும் கறை கறுகறுன்னு ஆயிடும். எல்லாக் கறையும் சோடாவுக்குப் பயந்து ஓடும், உங்க கறைக்கு மட்டும் அது தீனி. அந்தப் புட்டியில ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்களேன். நாலு மணி நேரம் எதுக்குக் காத்திருக்கணும்?”

போட்டுப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் ஆகவில்லை, மஞ்சள் பழுப்பாகி, பழுப்பு கறுத்தது. சோடாவுக்கு வாயெல்லாம் பல். டாக்டரம்மா, “அண்ணா, சோடா மாதிரி காரம் பட்டா சீக்கிரம் கறுக்கும்னு புத்தகத்துலயே இருக்கு! எனக்கு எப்படித் தோணாம போச்சு!” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

குழுக் கூட்டம் பதினோராம் மாடியில். நீள மேசை. இஸ்திரிக்காரரோடு டாக்டரம்மாவும் வந்து ஓரமாக நின்றார். ஐந்து உறுப்பினர்கள், தலைமை எழுத்தர், கடைசியில் இயக்குநர் வந்தார். அவர் நடையைப் பற்றி நிறுவனத்தில் ஒரு பெருமிதம் உண்டு. மூங்கில்போல நிமிர்ந்து, இடுப்பை அசைக்காமல் வருவார். யாரையும் தலையைத் திருப்பிப் பார்க்கமாட்டார், முழு உடம்போடு திரும்பித்தான் பார்ப்பார். என்ன கம்பீரம் என்று இளம் அறிஞர்கள் கண்ணாடி முன்னால் பழகிப் பார்ப்பார்கள். முடியைக் காது மறைய வளர்த்திருந்தார். அதையும் பத்துப் பேர் வளர்த்திருந்தார்கள்.

இஸ்திரிக்காரர் இயக்குநரை இவ்வளவு பக்கத்தில் பார்ப்பது இதுவே முதல் முறை. முதலில் பார்த்தது காலரை. நேற்றுத்தான் இஸ்திரி போட்டது. இன்று காலையிலேயே ஓரம் பழுப்பேறியிருந்தது. ஏசி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இயக்குநர் தொடக்க உரை ஆற்றினார்.

“நண்பர்களே, இந்த நோயின் அறிகுறிகளைப் பத்தி நான் பதினேழு புத்தகம் எழுதியிருக்கேன். முப்பத்தோரு வருஷ உழைப்பு. இதுவரைக்கும் ஒரு நோயாளியைக்கூட நேர்ல பார்த்ததில்லை. பார்த்திருந்தா அந்த ஒருத்தருக்குப் பொருந்தற மாதிரி எழுதியிருப்பேன். பார்க்காததாலதான் மனித குலத்துக்கே பொருந்தற மாதிரி எழுத முடிஞ்சுது. அரிய நோய் அரிதா இருக்கற வரைக்கும்தான் நம்ம நிறுவனம். அதைப் பாதுகாக்கறது நம்ம கடமை. வர்றவங்களுக்கெல்லாம் நோய் இருக்குன்னு சொல்ல ஆரம்பிச்சா, அப்புறம் இது என்ன, ஆஸ்பத்திரியா?”

கை தட்டினார்கள்.

இஸ்திரிக்காரர் பக்கத்து அறைக்குப் போய், விதிப்படி புதிதாக ஒரு புட்டி கொண்டுவந்து மேசையில் வைத்தார். மஞ்சள். எல்லோரும் பார்த்துக்கொண்டார்கள். சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்து ஒரு சிட்டிகை போட்டார். சோடாதான் என்று சொன்னார். மூன்றாம் நிமிடம் பழுப்பு. ஐந்தாம் நிமிடம் கறுப்பு. பத்து நிமிடம் ஆகாததால் இன்னும் புதுசு.

இஸ்திரிக்காரர் இருபத்தொன்பது நாளில் முதல் முறையாக மூச்சை நிம்மதியாக விட்டார்.

“விதி பதினாலு” என்றார் தலைமை எழுத்தர், புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே. “எந்தப் பரிசோதனையும் ஒப்பீடு இல்லாம செல்லாது. ஆரோக்கியத்துல சந்தேகத்துக்கே இடமில்லாத ஒருத்தரோட மாதிரியையும் இதே முறையில சோதிக்கணும்.”

“சரியான விதி!” என்று உற்சாகமாகிவிட்டார் டாக்டரம்மா. “யாராவது கொடுங்க. கறுக்காது பாருங்க.”

ஐந்து உறுப்பினர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இங்கேதான் சிக்கல். இயக்குநர் இருக்கும் அறையில் இன்னொருவரை ஆரோக்கியசாலி என்று முன்மொழிந்தால், இயக்குநரின் ஆரோக்கியத்தில் ஏதோ குறை என்று ஆகிவிடாதா? மூத்த உறுப்பினர் தொண்டையைச் செருமினார்.

“சந்தேகத்துக்கு இடமில்லாதவர் நம்ம மத்தியில ஒருத்தர்தான் இருக்கார்.”

“வழிமொழிகிறேன்” என்றார்கள் நான்கு பேரும் ஒன்றாக.

இயக்குநர் அடக்கமாகப் புன்னகைத்தார். “அறிவியலுக்காக நான் எதையும் கொடுப்பேன்” என்று சொல்லிவிட்டு, முழு உடம்போடு திரும்பி, பக்கத்து அறைக்குப் போனார்.

அந்தப் புட்டியிலும் ஒரு சிட்டிகை போடப்பட்டது. போட்டவர் இஸ்திரிக்காரர் அல்ல. முறைகேடு நடக்கக்கூடாது என்று தலைமை எழுத்தரே தன் கையால் போட்டார்.

மூன்றாம் நிமிடம் பழுப்பு. ஐந்தாம் நிமிடம் கறுப்பு.

இரண்டு புட்டிகளும் மேசைமேல் இரட்டைப் பிள்ளைகள்போல நின்றன. டாக்டரம்மாவின் பார்வை புட்டியிலிருந்து மெல்ல ஏறி இயக்குநரின் முடி மறைத்த காதில் போய் நின்றது. இஸ்திரிக்காரரின் பார்வை காலரிலேயே இருந்தது. அவருக்குப் புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை.

மூத்த உறுப்பினர்தான் நிறுவனத்தைக் காப்பாற்றினார்.

“ஆக, சோடா எல்லாருடைய சிறுநீரையும் கறுப்பாக்கும்!”

“அபாரம்!” என்றார் இன்னொருவர். “இது இதுவரைக்கும் யாருமே எழுதாத விஷயம். ஒரு கட்டுரை போட்டுடலாம்.”

“மூணாவது ஒருத்தர்கிட்ட பார்த்துடலாமே” என்றார் டாக்டரம்மா. “நானே தரேன்.”

“இயக்குநர் கொடுத்தாச்சு. அதுக்கு மேல ஒரு ஒப்பீடா?” தலைமை எழுத்தரின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “நாலு மாசம்தான் ஆகுது நீங்க வந்து. கொஞ்சம் பழகுங்க.”

மனு தள்ளுபடி. பரிசோதனை செல்லாது. இஸ்திரிக்காரருக்கு நாளை மாலையோடு வேலை இல்லை. இயக்குநர் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடியபிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. தன் புட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் பிற்பகல் சோடா ஒரு மூட்டையை எடுத்துவர மேலே போயிருந்தார். இஸ்திரிக்காரர் கடைசியாக ஆறு ஒன்றாம் எண் கோட்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. வந்தவர் வாசலில் நின்று முழு உடம்போடு இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு வலப்பக்கம். யாரும் இல்லை என்று தெரிந்ததும் கதவைச் சாத்தினார்.

கீழ்த்தளத்துக்கு ஓர் இயக்குநர் வருவது நிறுவன வரலாற்றில் முதல் முறை. எப்படி வரவேற்பது என்று இஸ்திரிக்காரருக்குத் தெரியவில்லை.

“உட்காருங்க சார். மூட்டைதான் இருக்கு.”

இயக்குநர் அழுக்கு மூட்டைமேல் மெல்ல மெல்ல இறங்கி உட்கார்ந்தார். அதற்கே ஒரு நிமிடம் ஆனது.

“நேத்து சாயங்காலம் ஒரு கிளாஸ்ல வச்சுப் பார்த்தேன்” என்றார் தணிந்த குரலில். “சோடா போடலை. ரூமைப் பூட்டிட்டுப் போயிட்டேன். இன்னைக்குக் காலையில திறந்தேன்.”

“காபி மாதிரியா சார்?”

இயக்குநர் தலையாட்ட முயன்று, முடியாமல் கண்ணை மூடித் திறந்தார். “உங்களுக்கு எப்பவே தெரியுமா?”

“கறை பதினஞ்சு வருஷமாத் தெரியும். நோய்னு ஒரு மாசமாத்தான் தெரியும்.”

“ஏன்யா சொல்லலை?”

“நான் ஏன் காரணமா இருக்கக்கூடாதுன்னுதான் சார் மெமோவில கேட்டிருந்தாங்க. யாரு காரணம்னு கேக்கலையே.”

பிறகு பதினேழு புத்தகம் எழுதியவர், புத்தகம் எதையும் எழுதாதவரிடம், ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார்.

“காலையில எவ்வளவு நேரம் பிடிச்சுக்கும்?”

“ஒரு மணி நேரம் சார். குளிர்காலம்னா இன்னும் கூட.”

“செருப்பு?”

“வீட்டுக்காரிதான் மாட்டி விடுவா. ஊர்ல இருக்கற வசவெல்லாம் அப்பதான் கேக்கலாம்.”

“கக்கூஸ்?”

“இருபத்தஞ்சு வருஷமா வீட்டில சண்டையே அதுதான் சார்.”

“எங்க வீட்டிலயும்தான்” என்றார் இயக்குநர். “குழாய்ல துருன்னு நினைச்சு மூணு தடவை குழாயை மாத்திட்டேன்யா.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்தால் இருவருக்கும் ஒரே இடத்தில் வலித்தது. இருவரும் ஒரே நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

இஸ்திரிக்காரர் ஒரு துண்டை நான்காக மடித்தார். தண்ணீர் தெளித்து, பெட்டியை வைத்து அழுத்தினார். ஆவி பறக்கும் துண்டை இயக்குநரின் முதுகில், கோட்டுக்கு மேலாகவே வைத்துப் பிடித்தார். “ரொம்ப சூடா சார்?” என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. பதினோராம் மாடியில் யாரும் கேட்டிராத ஒரு முனகல்தான் வந்தது.

“சார், என் வேலை?” என்றார் துண்டை எடுக்காமலே.

மறுநாள் காலை மூன்று தாள்கள் கீழே வந்தன. முதலாவது சுற்றறிக்கை. நிறுவனத்தின் மாண்பைக் கருதி இனி கோட்டுகள் அனைத்தும் கறுப்பு நிறத்தில் இருக்கும். இரண்டாவது, இஸ்திரிக்காரர் மீதான விசாரணை முடிக்கப்படுகிறது என்ற கடிதம். கறுப்புத் துணியில் கறுப்புக் கறை என்பது கறை என்ற சொல்லின் வரையறைக்குள் வராது. ஆகவே கறை இல்லை. ஆகவே விளக்கம் தேவையில்லை. நோய்ச் சான்றிதழ் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. மூன்றாவது, வியாழன்தோறும் பதினொரு மணிக்கு இயக்குநர் சலவைப் பிரிவை நேரில் ஆய்வு செய்வார் என்றும், அதற்காக முதுகு சாயும் நாற்காலி ஒன்று அனுமதிக்கப்படுகிறது என்றும் சொன்னது. மற்ற ஆறு நாளும் அதில் யார் உட்காரலாம் என்று தாளில் எழுதவில்லை. இஸ்திரிக்காரர் கேட்கவும் இல்லை.

“அப்ப வேலை இருக்கு?” என்றார் மனைவி.

“இருக்கு.”

“நோய்?”

“அதுவும் இருக்கு. ஆனா தாள்ல இல்லை.”

இரண்டு வாரத்தில் புதிய மெமோ வந்தது. கறுப்புக் கோட்டுகளில் வெள்ளைப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குத் தாங்கள் ஏன் காரணமாக இருக்கக்கூடாது என்பதை முப்பது நாள்களுக்குள் விளக்கவும்.

அது வந்த வியாழக்கிழமை பதினொரு மணிக்கு இயக்குநர் ஆய்வுக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு நாற்காலியை நோக்கி நடந்தார். இஸ்திரிக்காரர் துண்டை மடித்துக்கொண்டே, இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக ஒரு மேலதிகாரியிடம் விளையாட்டாகச் சொன்னார்.

“முதல்ல டோக்கன் எடுங்க சார்.”

இயக்குநர் அங்கேயே நின்றார். பிறகு, உலகின் முன்னணி நிபுணர், முழு உடம்போடும் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி, டோக்கன் பெட்டி எங்கே இருக்கிறது என்று தரையில் தேட ஆரம்பித்தார்.